லினக்ஸ் டிரைவரில் பிழை எண்கள்: தொலைக்காமல் கடத்துவதும் தேடிப் பிடிப்பதும்

கர்னலின் லாகான டிமெசேஜில் ஒரு வரி: பிஎம்பி280 டிரைவர், 1-0076 சாதனம், புரோப் (சாதனத்தைத் தொடங்கிவைக்கும் டிரைவர் ஃபங்ஷன்) தோல்வி, பிழை -121. ராஸ்பெரி பையில் வெப்பநிலை சென்சர் மாட்டுகிறவர்களுக்குப் பழகிப்போன வரி இது. ஐ2சி பஸ் (சிப்புகள் இரண்டு வயரில் பேசிக்கொள்ளும் பாதை) எண் 1, சாதன முகவரி ஹெக்ஸ் 76, காரணம் 121 என்று மூன்று விஷயம் அதில் இருக்கிறது. 121 என்றால் ஈ-ரிமோட்-ஐஓ. முகவரியைச் சொல்லிக் கூப்பிட்டும் எதிர்முனை 'ஏக்' (கேட்டது என்ற பதில் சைகை) கொடுக்கவில்லை என்பதை அந்தப் போர்டின் ஐ2சி கன்ட்ரோலர் டிரைவர் அப்படிச் சொல்கிறது.

அதே சென்சரை அதே வயரோடு ஐ.எம்எக்ஸ் சிப் உள்ள போர்டில் மாட்டிப் பாருங்கள். அந்த வரியே வராமல் போகலாம். அங்குள்ள கன்ட்ரோலர் டிரைவர் அதே குறைக்கு -6, அதாவது ஈ-என்எக்ஸ்ஐஓ தருகிறது. புரோப் -6 அல்லது -19 (ஈ-நோடெவ்) திருப்பினால், "இது என் சாதனம் இல்லை" என்று டிரைவர் ஒதுங்கிக்கொண்டதாகவே கர்னலின் டிரைவர் கோர் (சாதனத்தையும் டிரைவரையும் இணைக்கும் பகுதி) எடுத்துக்கொள்ளும். டீபக் நிலையில் ஒரு வரி எழுதுவதோடு சரி. மற்ற எண்களுக்குத்தான் சத்தம் போடும். சென்சர் வேலை செய்யவில்லை, லாகிலும் ஒன்றுமில்லை என்று பலர் குழம்புவது இங்கேதான்.

ஆகவே டிரைவர் எழுதும்போது இரண்டு பொறுப்பு. கீழே இருந்து வந்த எண்ணை அப்படியே மேலே கடத்த வேண்டும். எந்த இடத்தில் வந்தது என்பதை ஒரே ஒரு வரியில் சொல்ல வேண்டும். கீழே வருபவை பெரும்பாலும் ஐ2சி சென்சர் டிரைவரை வைத்துச் சொன்னவை. மற்ற பஸ்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

எண்ணைப் படிப்பது

1 முதல் 34 வரையுள்ள எண்கள் அநேகமாக எல்லா ஆர்க்கிடெக்சரிலும் ஒன்றே: 5 ஈ-ஐஓ, 12 ஈ-நோமெம், 14 ஈ-ஃபால்ட், 16 ஈ-பிஸி, 22 ஈ-இன்வால். 34-க்கு மேலே போனால் நம்பக் கூடாது. எக்ஸ்86-இலும் ஆர்மிலும் டைம்அவுட் 110; மிப்ஸ் சிப் உள்ள பழைய ரவுட்டரில் அதே டைம்அவுட் 145. அதனால் லாகில் வந்த எண்ணை இணையத்தில் தேடுமுன், எந்தச் சிப்பிலிருந்து வந்த லாக் என்று பாருங்கள். உங்கள் கர்னல் சோர்ஸில் அந்த ஆர்க்கிடெக்சருக்கான எர்ர்நோ ஹெடரைத் திறந்து பார்ப்பதே பாதுகாப்பு.

சில சமயம் எண் ஹெக்ஸாக அச்சாகும். எஃப் வரிசையாக நின்று கடைசி இரண்டு இடம் மட்டும் மாறியிருந்தால் அது எதிர்ம எண். முடிவில் ஈ-ஏ என்றால் -22, எஃப்-4 என்றால் -12, ஈ-டி என்றால் -19, 92 என்றால் -110. அடிக்கடி பார்க்கிறவர்களுக்கு இந்த நாலும் மனப்பாடமாகிவிடும்.

எண்ணுக்குப் பதில் பெயரையே அச்சிட வழி உண்டு. 5.5 கர்னலிலிருந்து பிரின்ட்கே-வில் (லாகில் எழுதும் கர்னல் ஃபங்ஷன்) சதவீதக் குறியோடு 'பிஈ' போட்டால் பிழைப் பாயின்டரின் (அது என்ன என்று கீழே வருகிறது) பெயர் வரும். உங்களிடம் இருப்பது பாயின்டராக இல்லாமல் வெறும் எண்ணாக இருந்தால் எர்_பிடிஆர் கொண்டு பாயின்டராக்கிக் கொடுங்கள். கர்னல் கட்டும்போது சிம்பாலிக் எர்ர்நேம் என்ற கான்ஃபிக் இயக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்தான் வரும்.

ஐ2சி எண்ணும் மல்டிமீட்டரும்

கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர் எண் மாறும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

-6 அல்லது -121: முகவரிக்குப் பதில் இல்லை. முதலில் முகவரியைச் சரிபாருங்கள். சில டேட்டாஷீட்கள் படிக்கும்/எழுதும் பிட்டையும் சேர்த்து 8 பிட் முகவரி கொடுக்கும். லினக்ஸுக்கு வேண்டியது 7 பிட். டேட்டாஷீட்டில் 236 என்று இருந்தால் பாதியாக்கி 118, அதாவது ஹெக்ஸ் 76, என்று டிவைஸ் ட்ரீயில் (போர்டில் எந்தச் சாதனம் எங்கே என்று கர்னலுக்குச் சொல்லும் விவரப் பட்டியல்) போட வேண்டும். அடுத்து ஐ2சி-டிடெக்ட் கருவியை ஓட்டுங்கள். அட்டவணையில் அந்த இடத்தில் முகவரி தெரிந்தால் சிப் உயிரோடு இருக்கிறது. 'யூயூ' என்று தெரிந்தால் ஏற்கெனவே ஒரு டிரைவர் அந்த முகவரியைப் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டு கோடு மட்டும் இருந்தால் மின்சாரம், வயர், முகவரிப் பின் என்ற வரிசையில் பாருங்கள்.

பிஎம்இ280 சிப்பில் இரண்டு பின் அடிக்கடி தகராறு செய்யும். எஸ்டிஓ பின்னைத் தரையில் கட்டினால் முகவரி 76, விடிடிஐஓ-வில் கட்டினால் 77; எங்கும் கட்டாமல் தொங்கவிட்டால் முகவரி நிச்சயமில்லை. சிஎஸ்பி பின் இன்னும் கறாரானது. அது ஒரே ஒரு முறை கீழே இறங்கினாலும் சிப் எஸ்பிஐ என்ற வேறு பஸ் முறைக்குத் தாவிவிடும். மறுபடி மின்சாரத்தை நிறுத்திப் போடும்வரை ஐ2சி-யில் வாய் திறக்காது. "போர்டை ரீபூட் செய்தாலும் சரியாகவில்லை, ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டால் சரியாகிறது" என்று யாராவது சொன்னால் முதல் சந்தேகம் இந்தப் பின் மேல் போகட்டும். பெரும்பாலான போர்டுகளில் ரீபூட்டின்போது சென்சருக்கான 3.3 வோல்ட் அறுபடுவதே இல்லை.

-110 அல்லது -16: பஸ்ஸே சிக்கியிருக்கலாம். யாரும் பேசாதபோது எஸ்டிஏ (தரவு வயர்), எஸ்சிஎல் (கடிகார வயர்) இரண்டும் புல்-அப் (வயரை மேலே இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) மின்னழுத்தத்தில், பெரும்பாலும் 3.3 வோல்ட்டில், நிற்க வேண்டும். மல்டிமீட்டரில் எஸ்டிஏ 0 காட்டினால், சிப் பாதி பைட் அனுப்பும்போது மாஸ்டர் (பேச்சைத் தொடங்கும் கன்ட்ரோலர்) ரீசெட் ஆகி, சிப் மீதி பிட்டுகளுக்கான கடிகாரத் துடிப்புக்குக் காத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். எஸ்சிஎல்-இல் 9 துடிப்பு கொடுத்தால் விட்டுவிடும். கன்ட்ரோலர் டிரைவரில் பஸ் ரிக்கவரி வசதி இருந்தால், டிவைஸ் ட்ரீயில் அதற்கான ஜிபிஐஓ-க்களை (பொதுப் பயன் பின்கள்) கொடுத்துவிட்டால் கர்னலே இதைச் செய்துகொள்ளும்.

-5: பேச்சு தொடங்கி நடுவில் முறிந்தது. எப்போதாவது ஒருமுறை மட்டும் வருகிறது என்றால் புல்-அப் மதிப்பைக் கணக்குப் போடுங்கள். ஏறும் நேரம் சுமார் 0.85 × மின்தடை × கொள்ளளவு. 4.7 கிலோ ஓம், பஸ் கொள்ளளவு 100 பிகோஃபாரட் என்றால் கிட்டத்தட்ட 400 நானோ வினாடி. 100 கிலோஹெர்ட்ஸில் 1000 நானோ வினாடி வரை இடம் உண்டு, பிரச்சினையில்லை. 400 கிலோஹெர்ட்ஸில் எல்லை 300 மட்டுமே. 2.2 கிலோ ஓம் போட்டால் 190-க்குள் வந்துவிடும். மறு முயற்சி போட்டு -5-ஐ மறைப்பதைவிட இந்த ஒரு ரெசிஸ்டரை மாற்றுவது மலிவு.

-11: இன்னொரு மாஸ்டரிடம் பஸ்ஸை இழந்தது. இதற்கு மட்டும் மறு முயற்சி நியாயமானது.

யுஎஸ்பி-யில் எண்களின் குணம் வேறு. -71 (ஈ-புரோட்டோ) வந்தால் கேபிள், மின்சாரம், ஹப் இந்த மூன்றையும் முதலில் மாற்றிப் பாருங்கள். டிரைவர் கோடைத் தொடாதீர்கள். -32 (ஈ-பைப்) என்றால் சாதனம் வேண்டுமென்றே அந்த எண்ட்பாயின்டை நிறுத்தியிருக்கிறது. நாம் அனுப்பிய கட்டளை அதற்குப் பிடிக்கவில்லை.

எண் எங்கே தொலைகிறது

ஹார்ட்வேர் கொடுத்த எண் சரியாகத்தான் இருக்கும். அது கடைசிவரை போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. தொலையும் இடங்கள் திரும்பத் திரும்ப அதேதான்.

எஸ்எம்பஸ் (ஐ2சி-யின் நெருங்கிய உறவு முறை) வழி ஒரு பைட் படிக்கும் ஃபங்ஷன் 32 பிட் குறியுள்ள எண்ணைத் திருப்பும். எதிர்மமானால் பிழை, இல்லாவிட்டால் தரவு. அதை நேரே 8 பிட் மாறியில் போட்டால் பிழை தரவாக வேஷம் கட்டிவிடும். -121-இன் கடைசி 8 பிட் 135. -110 என்றால் 146. -6 என்றால் 250. -5 என்றால் 251. சென்சர் அவ்வப்போது 135 என்று தாவி அடுத்த முறை இயல்புக்குத் திரும்பினால், அது அளவீட்டின் இரைச்சல் என்று நினைத்து ஃபில்டர் எழுதப் போகாதீர்கள். ரிட்டர்ன் மதிப்பை முதலில் இன்ட் மாறியில் வாங்கி, எதிர்மமா என்று பார்த்துவிட்டு, பிறகு பைட்டாக்குங்கள்.

இதற்கு உடன்பிறப்பு குறியற்ற மாறி. இன்டரப்ட் எண்ணைக் கேட்கும் பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூ-வின் விடையை அன்சைன்ட் இன்ட்டில் வாங்கினால், "பூஜ்யத்துக்குக் கீழா" என்ற சோதனை ஒருபோதும் நிறைவேறாது. கம்பைலர் இயல்பான எச்சரிக்கை அளவில் வாய் திறப்பதும் இல்லை. அந்த ஃபங்ஷன் தோல்வியில் தானே பிழை வரி எழுதும் என்பதால் நீங்கள் இன்னொன்று எழுத வேண்டாம்.

ஐ2சி_ட்ரான்ஸ்ஃபர் வெற்றியில் 0 தராது. எத்தனை மெசேஜ் போனது என்று தரும். இரண்டு அனுப்பி 1 திரும்பினால் அது எதிர்மமும் அல்ல, வெற்றியும் அல்ல. எதிர்மமானால் அப்படியே கடத்துங்கள், எண்ணிக்கை பொருந்தாவிட்டால் -5 கொடுங்கள், பொருந்தினால் 0 கொடுங்கள். இந்த மூன்று கிளையும் இருக்க வேண்டும். ரெக்மேப் (ரிஜிஸ்டர்களைப் படிக்க, எழுத கர்னல் தரும் பொது அடுக்கு) வழியாகப் போனால் இந்தத் தொல்லை இல்லை. புது டிரைவருக்கு அதையே எடுத்துக்கொள்வது நல்லது.

வெயிட்_ஃபார்_கம்ப்ளீஷன்_டைம்அவுட் நேரம் தீர்ந்தால் 0 தரும், முடிந்தால் மிச்ச நேரத்தைத் தரும். எதிர்மம் தரவே தராது. அதன் விடையை அப்படியே ரிட்டர்ன் செய்தால் தோல்வி வெற்றியாகவும் வெற்றி ஏதோ ஒரு எண்ணாகவும் தலைகீழாகிவிடும். 0 வந்தால் நீங்களே -110 என்று மாற்றிக் கொடுக்க வேண்டும். சிக்னலால் தடைபடக்கூடிய வகையில் மட்டும் எதிர்மமும் வரும். அங்கே மூன்று கிளை.

பயனர் நிரலுக்குத் தரவை நகலெடுக்கும் காப்பி_டு_யூசர், எத்தனை பைட் நகல் ஆகவில்லை என்று சொல்கிறது. 0 அல்லாத எதுவும் வந்தால் -14 கொடுங்கள். அந்த எண்ணையே திருப்பினால், படிக்கும் நிரல் அத்தனை பைட் வந்துவிட்டதாக நம்பும்.

உறங்கும் சாதனத்தை எழுப்பும் பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க் இரண்டு விதத்தில் மோசம் செய்யும். சாதனம் ஏற்கெனவே விழித்திருந்தால் 1 தரும். பூஜ்யமல்ல என்று பார்த்துத் தோல்வி என்று முடிவெடுத்தால் தவறு. உண்மையிலேயே தோற்றாலும் பயன்பாட்டு எண்ணிக்கையைக் கூட்டிவிட்டுத்தான் தோற்கும்; நீங்கள் குறைக்காவிட்டால் சாதனம் பிறகு உறங்கவே உறங்காது. 5.10-இலிருந்து பிஎம்_ரன்டைம்_ரெஸ்யூம்_அண்ட்_கெட் இருக்கிறது. தோற்றால் எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொள்ளும், வென்றால் 0. அதைப் பயன்படுத்துங்கள்.

இவற்றில் ஆளையே கவிழ்ப்பது, ரிட்டர்ன் மாறியில் எண்ணை வைக்க மறந்துவிட்டு கோட்டோ போடுவது. புரோப்பில் மின்சாரம் கொடுத்தாயிற்று, சிப் ஐடி ரிஜிஸ்டரைப் படித்தாயிற்று. படிப்பது வெற்றி என்பதால் மாறியில் 0 இருக்கிறது. பிஎம்இ280-க்கு ஹெக்ஸ் 60 வர வேண்டிய இடத்தில் 58 வந்தது. (பிஎம்இ280 என்று விற்கும் மலிவுப் போர்டுகளில் ஈரப்பதம் அளக்காத பிஎம்பி280 இருப்பது புதிதல்ல, 58 அதன் ஐடி.) பொருந்தவில்லை என்று மின்சாரத்தை நிறுத்தும் இடத்துக்குத் தாவுகிறோம். அங்கே மின்சாரம் நிற்கிறது, 0 திரும்புகிறது. டிரைவர் கோர் பார்வையில் புரோப் வெற்றி! பிறகு மாட்யூலைக் கழற்றும்போது ரிமூவ் மறுபடி மின்சாரத்தை நிறுத்தப் போய், ரெகுலேட்டர் கோர் (மின்சார வழங்கலை நிர்வகிக்கும் கர்னல் பகுதி) "சமநிலையற்ற டிசேபிள்" என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் பார்த்து ரிமூவைத் திருத்தக் கிளம்புவார்கள்; தவறு இருப்பது புரோப்பில். ஸ்மாட்ச் என்ற ஸ்டாட்டிக் செக்கர் இந்த வகையை "பிழை எண் காணோம்" என்று சுட்டிக் காட்டும். கோடு அனுப்புமுன் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

ரிட்டர்ன் -1 என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். -1 என்பது ஈ-பெர்ம். பயனர் "அனுமதி இல்லை" என்ற செய்தியைப் பார்த்து சூடோ போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பாயின்டருக்குள் பிழை

கர்னலில் முகவரி வெளியின் கடைசி 4095 இடங்கள் எந்தப் பொருளுக்கும் சொந்தமில்லை. அதனால் பாயின்டர் திருப்பும் ஃபங்ஷன் பிழை எண்ணையே பாயின்டராக்கி அனுப்பலாம். இஸ்_எர் கொண்டு சோதித்து, பிடிஆர்_எர் கொண்டு எண்ணை எடுங்கள்.

யார் எதைத் திருப்புகிறார்கள் என்பதுதான் சிக்கல். நினைவகம் ஒதுக்கும் டெவ்எம்_கேஇசட்அல்லாக் தோற்றால் நல் (வெற்றுப் பாயின்டர்) தரும். டெவ்எம்_ஐஓரீமேப்பும் நல் தரும். டெவ்எம்_ஐஓரீமேப்_ரிசோர்ஸோ பிழைப் பாயின்டர் தரும். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கலாம் என்று இஸ்_எர்_ஆர்_நல் போட்டால் வேறு ஓட்டை திறக்கும்: நல் வந்தபோது பிடிஆர்_எர் 0 தரும், புரோப் வெற்றி என்று திரும்பும். அந்த ஃபங்ஷனின் சோர்ஸைப் பார்த்து எது வருமோ அதை மட்டும் சோதியுங்கள்.

'ஆப்ஷனல்' என்று முடியும் ஜிபிஐஓ, கிளாக் ஃபங்ஷன்களில் நல் என்றால் "அப்படி ஒன்று டிவைஸ் ட்ரீயில் இல்லை, பரவாயில்லை" என்று பொருள். பிழைப் பாயின்டர் என்றால் இருக்கிறது, ஆனால் கிடைக்கவில்லை. முதல் வகையில் தொடருங்கள், இரண்டாம் வகையில் நிறுத்துங்கள்.

சோதனையே இல்லாமல் பயன்படுத்தினால் கர்னல் ஊப்ஸ் (விபத்து அறிக்கை) அடிக்கும். ஊப்ஸில் உள்ள முகவரி எஃப் வரிசையாகத் தொடங்கி எஃப்டிஎஃப்பி என்று முடிந்தால் அது -517. ஸ்ட்ரக்சரின் உள்ளே உள்ள ஃபீல்டைத் தொட்டிருந்தால் அதன் தூரமும் கூடியிருக்கும். அதைக் கழித்துவிட்டு எண்ணைப் பாருங்கள். "ஏதோ மெமரி கரப்ஷன்" என்று காஸான் (நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கருவி) போட்டுக் கர்னலை மறுபடி கட்டுமுன் இந்தக் கழித்தலைச் செய்துவிடுங்கள், அரை நிமிட வேலை.

-517: இது தோல்வி அல்ல

ஈ-ப்ரோப்-டிஃபர் என்றால் நான் நம்பியிருக்கும் ரெகுலேட்டரோ கிளாக்கோ ஜிபிஐஓ-வோ இன்னும் எழவில்லை, பிறகு கூப்பிடு என்று பொருள். இதைப் பிழையாக லாகில் எழுதினால் ஒவ்வொரு பூட்டிலும் பயமுறுத்தும் வரிகள் நிறையும். வேறு எண்ணாக, -22 என்றோ -19 என்றோ, மாற்றினால் கர்னல் மறுபடி கூப்பிடாது. "சில பூட்டில் வேலை செய்கிறது, சிலதில் இல்லை" என்ற புகாருக்கு நான் முதலில் தேடுவது இந்த மாற்றத்தைத்தான்.

5.9-இல் வந்த டெவ்_எர்_ப்ரோப் இதற்கு ஏற்ற கருவி. -517 என்றால் டீபக் நிலையில் எழுதி, காரணத்தைச் சேமித்து வைக்கும். பெரும்பாலான மற்ற எண்களுக்குப் பிழையாக எழுதும். கொடுத்த எண்ணையே திருப்பும், ஆகவே லாக் எழுதுவதும் ரிட்டர்ன் செய்வதும் ஒரே வரியில் முடிந்துவிடும். சேமித்த காரணங்கள் டீபக்எஃப்எஸ்-இல் (கர்னலின் உள்நிலையைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) டிவைசஸ்_டிஃபர்ட் என்ற கோப்பில் தெரியும். பூட் முடிந்து ஒரு நிமிடம் கழித்தும் உங்கள் சாதனம் அந்தக் கோப்பில் நின்றால், காத்திருக்கும் பொருள் வரப்போவதே இல்லை. அந்த ரெகுலேட்டரின் டிரைவர் கான்ஃபிக்கில் இருக்கிறதா, டிவைஸ் ட்ரீயில் அதன் நிலை 'டிசேபிள்ட்' என்று கிடக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு கட்டுப்பாடு உண்டு. புரோப் ஏற்கெனவே குழந்தைச் சாதனங்களைப் பதிவு செய்துவிட்டிருந்தால் அதன்பிறகு -517 கொடுக்கக் கூடாது. குழந்தையின் வெற்றி புதிய சுற்றைத் தூண்டும், அந்தச் சுற்றில் இது மறுபடி தோற்கும், முடிவே இராது. தேவையான பொருட்களையெல்லாம் முதலில் கேட்டு வாங்கிவிட்டுப் பிறகு குழந்தைகளைப் பதிவு செய்யுங்கள்.

பின்வாங்கும் வரிசை

எடுத்த வரிசைக்கு நேர் எதிராக விடுவிப்பது எல்லோருக்கும் தெரியும். லேபிளுக்கு எர்1, எர்2 என்று பெயர் வைக்காமல், அங்கே என்ன நடக்கும் என்று பெயர் வையுங்கள். நடுவில் ஒரு படி சேர்க்கும்போது எண்கள் குழம்பும், 'மின்சாரம் நிறுத்து' என்ற பெயர் குழம்பாது.

டெவ்எம் வகையையும் (சாதனம் கழலும்போது கர்னலே விடுவிப்பது) கையால் விடுவிப்பதையும் கலப்பதுதான் ஆபத்து. டெவ்எம் வழி வாங்கியவை ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகுதான் விடுவிக்கப்படும். இன்டரப்ட்டை டெவ்எம் வழி வாங்கி, மின்சாரத்தை ரிமூவில் கையால் நிறுத்தினால், நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது: சிப்புக்கு மின்சாரம் இல்லை, ஆனால் இன்டரப்ட் ஹேண்ட்லர் உயிரோடு இருக்கிறது. அந்த நேரத்தில் இன்டரப்ட் பின் கீழே இறங்கினால் ஹேண்ட்லர் படிக்கப் போய் -121 வாங்கும். மாட்யூல் கழற்றும்போது மட்டும் எப்போதாவது வரும் -121-க்கு இதுவே காரணம். மின்சாரம் நிறுத்துவதையும் டெவ்எம்_ஆட்_ஆக்‌ஷன்_ஆர்_ரீசெட் கொண்டு அதே வரிசையில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

ஹேண்ட்லருக்குள் பிழை வந்தால் அதன் எண்ணை ரிட்டர்ன் செய்யாதீர்கள். அங்கே 'என்னுடையது', 'என்னுடையது அல்ல', 'த்ரெட்டை எழுப்பு' இவை மட்டுமே பதில். எதிர்ம எண் கொடுத்தால் கர்னல் போலி ரிட்டர்ன் மதிப்பு என்று திட்டும். தொடர்ந்து யாரும் உரிமை கோராமல், ஒரு லட்சம் இன்டரப்ட்டில் 99,900-க்கு மேல் அநாதையானால் அந்த லைனையே மூடிவிடும்.

காத்திருக்கும் லூப்பைக் கையால் எழுத வேண்டாம், ரீட்எல்_போல்_டைம்அவுட் இருக்கிறது. கையால் எழுதுகிறவர்கள் நேரம் தீர்ந்ததும் நிலையை மறுபடி பார்க்காமல் -110 கொடுத்துவிடுவார்கள். நடுவில் ஷெட்யூலர் வேறு வேலைக்குப் போய்த் திரும்பியிருந்தால் ஹார்ட்வேர் எப்போதோ தயாராகியிருக்கும், பழி மட்டும் அதன் மேல் விழும். பிசிஐ சாதனமென்றால் கூடுதலாக ஒன்று: சாதனம் பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டால் ரிஜிஸ்டர் எல்லா பிட்டும் 1 என்று படிக்கும். 'ரெடி' பிட் 1 ஆகக் காத்திருக்கும் லூப் அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளும். லூப் முடிந்ததும் முழு மதிப்பும் ஒன்றுகளா என்று பாருங்கள்.

எண் பிறந்த இடத்தைத் தேடுவது

லாகில் -22 மட்டும் இருக்கிறது, உங்கள் டிரைவரில் -22 திருப்பும் இடம் பத்து இருக்கிறது என்றால் பிரின்ட்கே தூவுமுன் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் கையால் பைண்ட் செய்து பாருங்கள். சிஸ்எஃப்எஸ்-இல் (சாதனங்களையும் டிரைவர்களையும் கோப்புகளாகக் காட்டும் இடம்) உங்கள் டிரைவர் கோப்புறைக்குள் 'பைண்ட்' கோப்பில் சாதனத்தின் பெயரை எழுதினால் புரோப் அந்த நிமிடமே ஓடும். சமீபத்திய கர்னல்களில் புரோப் கொடுத்த எண் அந்த எழுதும் கட்டளைக்கே பிழையாகத் திரும்பும். டிரைவர் கோர் விழுங்கிவிடும் -6 கூட இங்கே ஷெல்லில் பளிச்சென்று தெரியும். -517 மட்டும் -11 ஆக மாறி வரும்.

அடுத்து டைனமிக் டீபக், அதாவது டீபக் வரிகளை ஓடும்போதே இயக்கும் வசதி. கன்ட்ரோல் கோப்பில் உங்கள் மாட்யூல் பெயரோடு பி கொடியை இயக்குங்கள். எம், எஃப், எல் கொடிகளையும் சேர்த்தால் ஒவ்வொரு வரியிலும் மாட்யூல், ஃபங்ஷன், வரி எண் வந்துவிடும். டிரைவர் கோர் என்ன நினைக்கிறது என்று அறிய, டிரைவர்ஸ் பேஸ் கோப்புறையில் உள்ள டிடி.சி கோப்புக்கும் இயக்குங்கள்.

இதற்கும் பிடிபடாவிட்டால் எஃப்ட்ரேஸ், அதாவது கர்னல் ஃபங்ஷன்களின் ஓட்டத்தைப் பதியும் கருவி. ஃபங்ஷன் கிராஃப் ட்ரேசரில் உங்கள் புரோப்பை மட்டும் வடிகட்டி வைத்து ஓட்டுங்கள். 6.5 முதல் ஒவ்வொரு ஃபங்ஷனின் ரிட்டர்ன் மதிப்பையும் காட்டும் ரெட்வால் விருப்பம் இருக்கிறது, அதற்கான கான்ஃபிக்கோடு கட்டியிருந்தால். மரத்தின் மேலிருந்து -22 வந்த பாதையில் இறங்கிக்கொண்டே போங்கள். தனக்குக் கீழே யாரும் -22 சொல்லாமல் தான் மட்டும் சொன்ன ஃபங்ஷன்தான் ஆள். வாய்ட் ஃபங்ஷன்களுக்கும் ஏதோ ஒரு குப்பை மதிப்பு காட்டும், அதைக் கண்டு ஏமாற வேண்டாம். பழைய கர்னலில் கேரெட்ப்ரோப் (ஃபங்ஷன் திரும்பும் இடத்தில் வைக்கும் கண்ணி) வைத்து, சந்தேகமுள்ள இரண்டு மூன்று ஃபங்ஷனின் ரிட்டர்னை மட்டும் பார்க்கலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது தொடர்ந்து வரும் பிழைக்கு ரேட்லிமிட் வகை லாகைப் பயன்படுத்துங்கள். இயல்பு வரம்பு 5 வினாடிக்கு 10 வரி. வினாடிக்கு நூறு முறை படிக்கும் சென்சரின் வயர் கழன்றால் இதன் அருமை தெரியும்.

பயனருக்குப் போகும் எண்

512-உம் அதற்கு மேற்பட்டவையும் கர்னலின் உள்வீட்டு எண்கள். 'தெரியாத பிழை 524' என்று ஒரு நிரல் சொன்னால், ஏதோ டிரைவர் ஈ-நாட்-சப்பை வெளியே கசியவிட்டிருக்கிறது. அங்கே இருக்க வேண்டியது 95. 'தெரியாத பிழை 512' என்றால் சிக்னல் நிலுவையில் இல்லாதபோதே ரீஸ்டார்ட் எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள். அறியாத ஐஓக்டில் (பயனர் நிரல் டிரைவருக்கு அனுப்பும் தனிக்) கட்டளைக்கு -25. -22 கொடுத்தால், கட்டளை தெரியும் ஆனால் அளபுரு தவறு என்று பயனர் புரிந்துகொள்வார். காத்திருக்காத முறையில் படிக்கும்போது தரவு இல்லையென்றால் -11. பயனர் பக்கம் என்ன போய்ச் சேர்கிறது என்று எஸ்ட்ரேஸில் (நிரலின் கர்னல் அழைப்புகளைக் காட்டும் கருவி) ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தோல்வியைத் தயாரிப்பது

பின்வாங்கும் பாதை தானாக ஓடும் நாளுக்குக் காத்திருக்க முடியாது. ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் கான்ஃபிக்கை, ஃபெயில்ஸ்லாபோடு (நினைவக ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கவைப்பது) சேர்த்து இயக்கிச் சோதனைக் கர்னல் கட்டுங்கள். கூடவே காஸானும் கேமெம்லீக்கும் (விடுவிக்க மறந்த நினைவகத்தைக் காட்டுவது). ஃபெயில்ஸ்லாபை முழுக் கணினிக்கும் போட்டால் ஷெல்லே விழும். ப்ராக்எஃப்எஸ்-இல் உள்ள ஃபெயில்-என்த் கோப்பு துல்லியமானது. அதில் 1 என்று எழுதினால் அந்த த்ரெட் அடுத்துக் கேட்கும் முதல் ஒதுக்கீடு தோற்கும், 2 என்றால் இரண்டாவது.

ஒரு சின்ன நிரல் எழுதி, அது ஃபெயில்-என்த்தில் 1 எழுதி, உடனே அதே த்ரெட்டில் பைண்ட் கோப்பில் சாதனப் பெயரை எழுதட்டும். பிறகு 2, 3 என்று ஏற்றிக்கொண்டே போகட்டும். ஒவ்வொரு சுற்றிலும் -12 திரும்ப வேண்டும், காஸான் அமைதியாக இருக்க வேண்டும், ரெகுலேட்டர் எச்சரிக்கை வரக் கூடாது. 0 திரும்பினால் ஃபெயில்-என்த் கோப்பைப் படியுங்கள். 0 அல்லாத எண் மிச்சமிருந்தால் ஊசி போடும் அளவுக்கு ஒதுக்கீடுகளே இல்லை, எல்லாச் சுற்றும் முடிந்தது. 0 இருந்தால் ஒரு ஒதுக்கீடு தோற்றும் புரோப் வென்றதாகச் சொல்லியிருக்கிறது. அந்தச் சுற்றின் எண்ணைக் குறித்துக்கொண்டு கோடைத் திறங்கள். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் அன்பைண்ட் செய்ய மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் அடுத்த பைண்ட் -16 என்று வரும், அதற்கு உங்கள் டிரைவர் பொறுப்பல்ல.

பஸ் பிழையைத் தயாரிப்பதற்கு, ஜிபிஐஓ கொண்டு ஓட்டும் ஐ2சி டிரைவருக்கென்றே கர்னலில் ஒரு ஃபால்ட் இன்ஜெக்டர் இருக்கிறது. எஸ்டிஏ-வைக் கீழே பிடித்து வைப்பது, பாதி முகவரியோடு நிறுத்துவது எல்லாம் அதில் உண்டு. அது இல்லாத இடத்தில், புரோப் முடிந்த பிறகு சென்சரின் 3.3 வோல்ட் ஜம்பரைக் கழற்றி, படிக்கும் நிரலில் -6 அல்லது -121 வருகிறதா, அல்லது 135 வருகிறதா என்று பாருங்கள்.